சோத்துக்கை

இந்தாங்க, இத அந்தக் கண்டக்டர் தம்பிகிட்ட குடுங்க, பட்டுக்கோட்டை ஒண்ணு. இடது கையால நீட்டுறேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க, இந்தக் கையில பை மாட்டியிருக்கு. ஆங், நன்றிங்க. பாப்பாவ மடியில வச்சுக்கிட்டா நானும் ஒரு ஓரமா உக்காந்துக்குவேன். போதும் போதும், இவ்வளவு எடம் போதும். நீங்க எதுவரைக்கும்? ஒரத்தநாடா, சரி. உன்னப் பாத்தா என் பொண்ணு வயசுதான் இருக்கும், நீ வா போன்னு பேசுறேன், கோவிச்சுக்காதம்மா.

பாப்பா பேரு என்ன? இனியாவா? நல்ல பேரு. மூணு வயசு இருக்குமா? பாத்த ஒடனே சொல்லிடுவேன், நமக்கு இதுதானே பொழப்பு. அங்கன்வாடி டீச்சர். தமயந்தி டீச்சருன்னா எங்க ஊருல தெரியாத ஆளு கெடையாது. இன்னைக்கு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியிறவன்ல பாதிப் பேருக்கு மூக்கத் தொடைச்சு விட்டது நான்தான்.

இந்தா கண்ணு, பிஸ்கட்டு. பயிற்சியில டீயோட குடுத்தாங்க, நமக்குத்தான் சுகராச்சே. ம்ஹூம், அந்தக் கை இல்லடா செல்லம். சோத்துக்கை எது? சோத்துக்கைய நீட்டு, அப்பத்தான் டீச்சர் தருவேன். ஆங், சமத்து. சின்னப் புள்ளதானேன்னு நீ சிரிக்கிற. இந்த வயசுல விட்டா அப்புறம் திருத்தவே முடியாதும்மா.

பயிற்சின்னேனே, அதச் சொல்லணும். எனக்கு மனசே ஆறல.

தஞ்சாவூர்ல ஒரு மண்டபத்துல வச்சு, சுத்துப்பட்டுல உள்ள டீச்சருங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தாங்க. கை கால் வராத புள்ள, காது கேக்காத புள்ள, எல்லாத்தையும் மத்த புள்ளைங்களோட ஒண்ணா வச்சு எப்படிப் பாத்துக்கிறதுன்னு பயிற்சி. நல்ல விஷயம்தான், நான் இல்லேன்னு சொல்லல. பாடம் எடுக்க ஒரு மேடம் வந்திருந்துச்சு. சின்னப் பொண்ணு. முடியக் கத்தரிச்சு விட்டுக்கிட்டு, காதுல ஒரு பொட்டுத் தோடுகூட இல்லாம. கல்யாணம் ஆச்சான்னுகூடத் தெரியல. புள்ள பெத்து வளத்த மொகம் இல்ல அதுன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது நமக்குப் புள்ள வளக்கச் சொல்லிக் குடுக்குது. சரி, அனுப்பியிருக்காங்க, கேட்டுக்குவோம்னு உக்காந்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு எல்லாருக்கும் கண்ணு சொக்குற நேரம். மேடம் எல்லாரையும் கண்ண மூடச் சொல்லுச்சு. "உங்க மையத்துக்கு வந்த குழந்தைங்கள ஒவ்வொருத்தரா நெனைச்சுப் பாருங்க. ஏதாவது ஒரு குழந்தைய, அதோட உடம்பையோ வீட்டையோ பாத்து, நம்ம வேற மாதிரி நடத்தியிருக்கோம்னு தோணுனா எழுந்து நில்லுங்க. யாரும் காரணம் கேக்க மாட்டோம். நம்மள நாமே பாத்துக்கிறதுக்குத்தான்"னு சொல்லுச்சு.

அப்புறம் ஒரு நாற்காலி நகந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் மழை பிடிச்ச மாதிரி ஒரே சத்தம். நான் கண்ணத் தொறந்து பாத்தா மண்டபமே நிக்குது. பேராவூரணிப் பக்கத்து டீச்சர் ஒண்ணு, காலையில என்கிட்ட அத்தனை பெருமை பேசுனது, முந்தானையில கண்ணத் தொடைச்சுக்கிட்டு நிக்குது. பாடம் எடுத்த மேடமும் நிக்குது. நான் மட்டும் உக்காந்திருக்கேன்.

நான் எதுக்கும்மா எந்திரிக்கணும்? கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டுப் போறதுக்கு எனக்கு என்ன வந்துச்சு? என் மனசுல வேத்துமை கெடையாது. எந்தத் தெருப் புள்ளையா இருந்தாலும் தூக்கியிருக்கேன், கழுவி விட்டிருக்கேன். அந்த மேடம் என் பக்கத்துல வந்துச்சு. திட்டல. திட்டியிருந்தாக்கூடத் திருப்பிக் குடுத்திருப்பேன். குனிஞ்சு மெதுவா, "ஒரு குழந்தைகூட ஞாபகத்துக்கு வரலையாம்மா?"ன்னு கேட்டுச்சு. ஏதோ நான்தான் பாவம்ங்கிற மாதிரி கேட்டுச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கல.

வந்துச்சும்மா. ஏன் வராது? தர்ஷிகா வந்துச்சு. ஆனா அதுக்கு நான் எந்திரிக்கணும்னா இந்த ஒலகத்துல ஒருத்தர்கூட உக்கார முடியாது. அந்தப் புள்ளைக்கு நான் செஞ்சத நீ கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு.

தர்ஷிகா, எங்க ஊரு வடக்குத் தெரு வினோதாவோட பொண்ணு. அப்பன் வெளியூர்ல டைல்ஸ் ஒட்டுற வேலை, எப்பவாச்சும் வருவான். பொறக்கும்போதே மூச்சுத் திணறி, வலது பக்கம் வெளங்காமப் போச்சு. கால இழுத்து இழுத்து நடக்கும். வலது கை மடங்கி நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, விரலெல்லாம் இறுக்கி மூடியிருக்கும். மொகம் அத்தனை களை. இத்தனை அழகுக்கு இப்படி ஒரு கொறையான்னு மொத மொதப் பாத்தப்ப எனக்குத் தோணுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் புள்ளைய நான் தனியா கவனிக்கணும்னு.

விஜயதசமி அன்னைக்குக் கொண்டாந்து சேத்தாங்க. அன்னைக்கு நான் வருஷா வருஷம் தாம்பாளத்துல பச்சரிசியப் பரப்பி, புதுசா சேர்ற புள்ளைங்க விரலப் பிடிச்சு அ எழுத வைப்பேன். அதுக்குன்னே கூட்டிக்கிட்டு வருவாங்க. தமயந்தி டீச்சர் கையால தொடங்குனா படிப்பு வரும்னு ஒரு பேச்சு. வினோதா புள்ளையோட உக்காந்துக்கிட்டு, "டீச்சர், இவளுக்கு இந்தக் கைதான் நல்லா வரும். வீட்டுல எல்லாமே இதுலதான் பண்ணுவா. ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டாங்க. வலது கைக்கு உண்டான பயிற்சிய நான் வீட்டுல குடுத்துக்கிறேன், சாப்பிடறது எழுதறது எல்லாம் இடது கையிலயே விட்டுடுங்க"ன்னுச்சு. புள்ளையும் இடது கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஆள்காட்டி விரல மட்டும் தனியா நீட்டிக்கிட்டு, தயாரா.

நீயே சொல்லு. சரஸ்வதி படத்துக்கு முன்னாடி, பச்சரிசியில, நல்ல நாள் அதுவுமா, பீச்சாங்கையால எழுத வைக்க முடியுமா? பெத்தவளுக்கு விவரம் பத்தல. நான் வலது கையப் பிடிச்சேன். விரல் பிரியல. ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், பூவப் பிரிக்கிற மாதிரிதான் பிரிச்சேன். புள்ள வீல்னு கத்துது. வினோதா "டீச்சர், டீச்சர்"ங்குது. "நல்ல நாள்ல அழுவக் கூடாதுடா"ன்னு சொல்லிக்கிட்டே ஒரு வழியா எழுதி முடிச்சேன். எழுத்து அழகா விழுந்துச்சு. சுத்தி நின்னவங்க கை தட்டுனாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெளங்காத கையின்னு அம்மாவே ஒதுக்கி வச்ச கையால எழுத வச்சுட்டேனே.

சேத்த ஒரு வாரத்துல புள்ள நல்லா ஒட்டிக்கிச்சு. வாயாடி. பல்லி எங்க தூங்கும், மழை ஏன் மேலேர்ந்து வருது, ஆயா ஏன் கரண்டிய மோந்து பாக்குதுன்னு நிறுத்தாமக் கேக்கும். எங்க ஆயா மாரிக்கண்ணு சமையல விட்டுட்டு அது பேசுறதக் கேட்டுக்கிட்டு நிக்கும். சாக்பீஸ் ஒண்ணு கெடைச்சா போதும், தரையெல்லாம் கோடு போடும். பஸ்ஸுன்னு ஒண்ணு போட்டு, சன்னலுக்குச் சன்னல் ஒரு தலை வைக்கும். எல்லாப் புள்ளையோட தலையும் இருக்கும். "முன்னாடி ஓட்டுறது நீங்க டீச்சர்"னு என்னையும் போட்டு வச்சிருந்துச்சு ஒருநாள். எனக்குச் சிரிப்புத் தாங்கல. சிரிச்சுட்டு, சாக்பீஸ இடது கையிலேர்ந்து வாங்கி வலது கையில வச்சேன். கீழ விழுந்துச்சு. திரும்ப வச்சேன். திரும்ப விழுந்துச்சு. நான் சலிக்கல. தெனம் வச்சேன். பொறுமைன்னா வேற என்னம்மா?

என்ன பாப்பா, இன்னொரு பிஸ்கட்டு வேணுமா? ஏய், மறுபடியும் அந்தக் கையா! அடிக்கலம்மா, சும்மா ஒரு தட்டு. இங்க பாரு கண்ணு, இந்தக் கை. அம்மா தர்றத விடு, டீச்சர்கிட்ட இந்தக் கைதான். சரி, அப்புறம் வாங்கிக்கட்டும், கோவம் வந்துடுச்சு பாப்பாவுக்கு.

எங்க விட்டேன்? ஆங், சாப்பாடு. சாப்பாட்டுலதான் எனக்குப் பெரிய பிரச்சனையாப் போச்சு. அந்தப் புள்ள இடது கையால சோத்தப் பெசஞ்சு சாப்பிடும். ஒரு பருக்கை சிந்தாது, அத ஒத்துக்கணும். ஆனா பாக்குறதுக்கு எப்படி இருக்கும்? கழுவுற கை. அதே கையால முட்டைய உரிச்சு, பாதிய பக்கத்துப் புள்ளைக்கு வேற நீட்டும். அதுங்களும் வாங்கித் திங்கும், அதுங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் அந்தப் பக்கம் பாக்க முடியாது.

ஒருநாள் போன் வந்துச்சு, வெளியில போய்ப் பேசிட்டு உள்ள வர்றேன். வரிசையா உக்காந்திருக்குற அத்தனை புள்ளைங்களும் இடது கையால சாப்பிடுது! வலது கைய மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு, தர்ஷிகா வச்சுக்கிற மாதிரியே. மூக்கெல்லாம் சோறு, தரையெல்லாம் சோறு, ஒரே சிரிப்பு. தர்ஷிகா நடுவுல உக்காந்துக்கிட்டு, "அப்படி இல்ல, கட்டை விரல் இங்க வரணும்"னு சொல்லிக் குடுக்குது. மாரிக்கண்ணு கரண்டியோட நின்னு, "பாருங்க டீச்சர், இதுங்க பண்ற கூத்த"ன்னு அதுவும் சேந்து சிரிக்குது.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு சத்தம் போட்டேன் பாரு, எல்லாம் கப்சிப். அந்தப் புள்ளைய எல்லாம் சேந்து கேலி பண்ணுதும்மா! அதுக்கு அது கேலின்னுகூடத் தெரியல, அதுவும் சேந்து சிரிக்குது. அதப் பாத்துத்தான் எனக்கு நெஞ்சே வெடிச்சுடுச்சு. மாரிக்கண்ணு, "கேலி இல்ல டீச்சர், விளையாட்டு"ன்னுச்சு. அதுக்குப் படிப்பு இல்ல, அதுக்கு எங்க புரியப் போவுது? மறுநாளே செல்போன் கடைக்காரன் வந்து, "என் பொண்ணு வீட்டுல இடது கையால திங்கிறா, இதத்தான் சொல்லிக் குடுக்குறீங்களா"ன்னு வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போனான். எனக்கு மானமே போச்சு.

அன்னையிலேர்ந்து தர்ஷிகாவ வரிசையில உக்கார வைக்கல. என் நாற்காலிக்குப் பக்கத்துல அதுக்குன்னு ஒரு பாய்த் துண்டு போட்டேன். நானே என் கையால ஊட்டுனேன். எந்த டீச்சர் செய்வா, சொல்லு? நான் சாப்பிடறதுக்கு முன்னாடி அதுக்கு ஊட்டிட்டுத்தான் சாப்பிடுவேன். ஊட்டும்போது பழக்க தோஷத்துல அது கை தட்டுக்கு வரும். அதனால அந்த இடது கைய என் கைக்குள்ள பிடிச்சுக்குவேன். வலிக்கிற மாதிரி இல்ல, அன்பாத்தான். மொதல்ல வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும். நாளாக நாளாக இழுக்கிறத விட்டுடுச்சு. அப்புறமெல்லாம் சாப்பாட்டு நேரம் வந்தா அதுவே கையக் கொண்டாந்து என் மடியில வச்சுடும், பிடிச்சுக்கோன்னு. அந்தப் பாசத்த நான் எங்க போய்ச் சொல்லுவேன்?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கலையே நீ. நானே சின்ன வயசுல பீச்சாங்கைதான். நம்ப மாட்ட. எங்கப்பா விடல. சாப்பிட உக்காந்தா இந்தக் கையத் துண்டால முதுகோட சேத்துக் கட்டிடுவாரு. அதுலயும் கேக்கலன்னு ஒருநாள் விரல்ல பச்சமொளகாயத் தேச்சு விட்டாரு. தெரியாம அதே கையால கண்ணக் கசக்கிட்டு, கண்ணு தொறக்க முடியாமக் கெடந்தேன். கெட்டா போயிட்டேன்? என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். என்ன, அந்தச் சமயத்துல கொஞ்சம் திக்குவாய் வந்துடுச்சு. வகுப்புல எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுன்னா வார்த்தை வராது. எந்திரின்னு யாராச்சும் சொன்னா இன்னைக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆவும், அது வேற விஷயம். பஸ்ஸு குலுங்குனா மொதல்ல இந்தக் கைதான் கம்பியத் தேடிப் போவும், ஒடனே இழுத்துக்குவேன். இப்பக்கூட இழுத்தேன், நீ பாத்திருக்க மாட்ட. ஆனா நான் தர்ஷிகாவுக்கு மொளகா தேச்சேனா? துண்டால கட்டுனேனா? வெறுமனே பிடிச்சுக்கிட்டேன். எங்கப்பாவுக்கும் எனக்கும் எவ்வளவு வித்தியாசம்.

அப்புறம் புள்ள நல்ல அமைதியாயிடுச்சு. அந்த வாயெல்லாம் கொறஞ்சு போச்சு. "கை கட்டு"ன்னா எல்லாப் புள்ளையும் கையக் கட்டும், இது இடது கையப் பாவாடைக்குள்ள விட்டுக்கும். சாக்பீஸ் குடுத்தா வாங்காது. அந்தக் கையிலயும் வாங்காது, இந்தக் கையிலயும் வாங்காது. சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். மேல்பார்வைக்கு வந்த அம்மாகூட, "இந்தக் குழந்தையால உங்களுக்குத் தொந்தரவே இல்ல போல"ன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆனா வினோதா வந்து அழுவுது. "டீச்சர், தானா சாப்பிட்டுக்கிட்டிருந்த புள்ள, இப்பத் தட்ட வச்சா வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஜட்டியக்கூட ஏத்திக்க மாட்டேங்குது. எல்லாம் தானாப் பண்ணுவாளே டீச்சர்"ங்குது. "டீச்சர் கை ருசி கண்டுடுச்சு உன் பொண்ணு"ன்னு சொல்லிச் சிரிச்சேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அது சிரிக்கல. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "அந்தக் கைய மட்டும் விட்டுடுங்க டீச்சர். அவளுக்கு இருக்குறது அது ஒண்ணுதான்"னுச்சு.

எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆவலேன்னு சொல்லல. ஆனா பெத்த பாசத்துல முன்ன பின்ன யோசனை இருக்காதும்மா. நாளைக்கு அது பெரிய பொண்ணாவும். ஒரு கல்யாணப் பந்தியில உக்காந்து இடது கையால சாப்பிட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? அதுக்கு ஒரு மாப்பிள்ளை வர வேண்டாமா? அதையெல்லாம் யோசிச்சது எங்க ஊருலயே நான் ஒருத்திதான். "இருக்குற கொறை போதாதுன்னு இது வேறயா வினோதா?"ன்னு கேட்டேன்.

வெயில் காலத்துல, ஒண்ணாம் வகுப்புக்குப் புள்ளைங்களச் சேக்குறதுக்காக பள்ளிக்கூடத்து எச்.எம். சார் மையத்துக்கு வந்தாரு. நல்ல மனுஷன். வினோதா தையல் கம்பெனிக்கு லீவு போட்டுட்டு காலையிலயே வந்து வாசல்ல நிக்குது. புள்ளைக்குப் புதுச் சட்டை பாவாடை, தலை நெறையப் பூ. "மத்த புள்ளைங்களோட அதே பள்ளிக்கூடத்துல சேத்துடணும் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா சார் கேப்பாரு"ன்னு என் கையப் பிடிச்சுக்கிச்சு. சொல்றேம்மான்னேன்.

சார் ஒரு கூடையில கலர் கலராக் கட்டை வச்சுக்கிட்டு, செவப்பு எடு, மஞ்ச எடுன்னு ஒவ்வொண்ணாக் கூப்பிட்டாரு. எல்லாம் ஓடி ஓடி எடுத்துச்சுங்க. தர்ஷிகா போய் நின்னுச்சு. "செவப்பு எது கண்ணு?"ன்னாரு. புள்ள கூடையப் பாத்துச்சு. செவப்பத்தான் பாத்துச்சு, எனக்குத் தெரியும். தோள்கூட அசைஞ்சுச்சு. அப்புறம் என்னப் பாத்துச்சு. பாத்துட்டு, கையப் பாவாடைக்குள்ள விட்டுக்கிச்சு.

"எடுடி தங்கம், இந்தக் கையாலயே எடுடி, வீட்டுல எடுப்பியே"ன்னு வினோதா ஓடியாந்து மண்டி போட்டு, இடது கையப் பிடிச்சு வெளிய இழுக்குது. புள்ள விடல. பிடுங்கி, ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சு இறுக்கிக்கிச்சு. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அழுவலம்மா. என்னையே பாக்குது, நான் ஏதாவது சொல்வேன்னு. அத்தனை பேரு முன்னாடி தாயும் புள்ளையும் மல்லுக்கட்டுறத என்னால பாக்க முடியல. நான்தான் குறுக்க பூந்து, "அதுக்கு வராது சார், பாவம், கஷ்டப்படுத்தாதீங்க"ன்னேன். ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டுச்சுல்ல, சொன்னேன். அந்த நேரத்துல புள்ளைய அவமானத்துலேர்ந்து காப்பாத்துனது யாரு?

சார் கூடைய நகத்தி வச்சாரு. "வீட்டுல இருந்தே படிக்கட்டும்மா. அதுக்குன்னு ஆளு இருக்காங்க, வந்து சொல்லிக் குடுப்பாங்க"ன்னுட்டாரு. வினோதா என்னத் திட்டல. புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள்லேர்ந்து மையத்துக்கு அனுப்பல. வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுப்பாங்கன்னு சார் சொன்ன ஆளும் இன்னைக்கு வரைக்கும் வரல. புள்ளையத் தனியா விட முடியாதுன்னு வினோதா தையல் கம்பெனி வேலையையும் விட்டுட்டு வீட்டோட கெடக்குது. தெருவுல என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குது. நன்றின்னு ஒண்ணு இருக்கா பாரு.

எனக்குத்தான் மனசு கேக்காது. அந்தப் பக்கம் போனா எட்டிப் பாப்பேன். வாசப்படியில உக்காந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்க "தர்ஷி, தர்ஷி"ன்னு கூப்பிட்டுட்டுப் போவும். திரும்பிப் பாக்கும், அவ்வளவுதான். போன வாரம் ஒரு மிட்டாய் நீட்டுனேன். வாங்கல. கையப் பாவாடைக்குள்ள வச்சுக்கிட்டு, என்னப் பாத்து வாயத் தொறந்துச்சு. பேசவே இல்ல, வாய மட்டும் தொறந்துச்சு. போட்டு விட்டுட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. ஏன்னு தெரியல எனக்கு. சுகரு கூடியிருக்கும்.

இப்பச் சொல்லு, இதுக்கா நான் எந்திரிக்கணும்?

இன்னும் கேளு. பயிற்சி முடிஞ்சு கெளம்புறப்ப அந்த மேடம் மறுபடியும் என்னத் தேடிக்கிட்டு வந்துச்சு. "உங்க ஊருல எந்தக் குழந்தையாவது வீட்டுலயே முடங்கிக் கெடந்தா பேரச் சொல்லுங்கம்மா. நானே நேர்ல வந்து பாக்குறேன். பள்ளிக்கூடத்துல பேசி இந்த வருஷமே சேத்துடலாம், இன்னும் நேரம் இருக்கு"ன்னுச்சு. என் கண்ணையே பாத்துக்கிட்டுக் கேட்டுச்சு. "எங்க ஊருல அப்படி யாரும் இல்ல மேடம்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எதுக்குச் சொல்லணும்? அது வரும், வினோதா இல்லாததும் பொல்லாததும் சொல்லும், ஊரு கூடி வேடிக்கை பாக்கும். இத்தனை வருஷம் எடுத்த பேரு என்னாவுறது? அந்தப் புள்ளையத்தான் மறுபடியும் எல்லாரு முன்னாடியும் நிறுத்தி, செவப்பு எது மஞ்ச எதுன்னு எதுக்குக் கேக்கணும்? அது பாட்டுக்கு அமைதியா இருக்கு. இருக்கட்டும். அதோட நல்லதுக்குத்தான் சொல்லல.

என்னம்மா, பாப்பாவத் தோள்ல போட்டுக்கிற?

ஏன் எந்திரிச்சுட்ட? ஒரத்தநாடு இன்னும் வரலையே. முன்னாடி எடமே இல்லம்மா, புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டா போவ? உக்காரும்மா. இந்தா, பிஸ்கட்டாச்சும் வாங்கிட்டுப் போவட்டும் பாப்பா. பாப்பா, இந்தா. வேண்டாமா? என்னம்மா இது, ஒரு வார்த்தை சொல்லாம... சரி, காத்து வரலையோ என்னமோ. பாப்பா, டீச்சருக்கு டாட்டா சொல்லு. டாட்டா!

வாங்க, உக்காருங்கம்மா, காலிதான். நீங்க பட்டுக்கோட்டையா? நானும் அங்கதான். அந்தா, முன்னாடி கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல ஒரு பொண்ணு, அது தோள்ல கெடக்குற புள்ளையப் பாருங்க. இப்ப எனக்கு டாட்டா காட்டுறதுக்கு இடது கையத் தூக்குச்சு. நான் ஒண்ணுமே சொல்லல. என் மொகத்தப் பாத்துச்சு, தானாவே கைய எறக்கி அம்மா சேலைக்குள்ள விட்டுக்கிச்சு. சோத்துக்கையத் தூக்கும்னு பாக்குறேன், அதையும் தூக்கல. என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. தஞ்சாவூர்ல ஏறுறப்ப எப்படித் துள்ளிக்கிட்டு வந்துச்சு தெரியுமா? இப்பப் பாருங்க, எவ்வளவு சமத்து.